டன்ஹாம் நடன முறை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருஷம் பரதம் கற்றவள் நான். வேலைக்காக அமெரிக்கா போனபோது, குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நடனக்கூடம் இருந்தது. சனிக்கிழமை காலைகளில் அங்கிருந்து டிரம் சத்தம் கேட்கும். மூன்றாவது சனிக்கிழமை எட்டிப் பார்த்தேன். அடுத்த வாரம் உள்ளே நின்றிருந்தேன். அப்புறம் நாலு வருஷம் அதே வகுப்புதான். ஊர் திரும்பியதிலிருந்து, அது என்ன ஆட்டம், எங்கே கற்கலாம், நம்மால் முடியுமா என்று தெரிந்தவர்களும், அவர்கள் சொல்லித் தெரியாதவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். நான் ஆசிரியை இல்லை, மாணவிதான். அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டன்ஹாம் முறை என்றால் என்ன?

கேத்தரின் டன்ஹாம் என்ற கறுப்பின அமெரிக்க நடனக் கலைஞர் 1930களின் கடைசியிலிருந்து உருவாக்கிக்கொண்டே வந்த நவீன நடனப் பயிற்சி முறை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததி, முக்கியமாக ஹெயிட்டி நாட்டு மக்கள், ஆடிவந்த ஆட்டங்கள்தான் இதற்கு வேர். பாலேயிலிருந்து கால் ஒழுங்கு, நவீன நடனத்திலிருந்து தரையில் விழுவதும் எழுவதும், கரீபியனிலிருந்து முதுகும் இடுப்பும் தோளும் தாளமும். இதெல்லாம் சேர்ந்து ஒரே பாடத்திட்டமாக இருக்கும்.

சல்சாவோ ஜூம்பாவோ இல்லை. ஜூம்பாவைவிட வியர்வை மட்டும் அதிகம்.

டன்ஹாம் யார்? பெயர் கேள்விப்பட்டதே இல்லையே.

நானும் அந்த நடனக்கூடத்து வாசலில்தான் முதலில் படித்தேன். 1909இல் சிகாகோ பக்கம் பிறந்தவர். பாலே கற்றார். கறுப்பினப் பெண்ணுக்குப் பாலே மேடையில் இடம் கிடைக்காத காலம் அது. இன்னொரு பக்கம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தார். அங்கே ராபர்ட் ரெட்ஃபீல்ட் அவருக்கு ஆசிரியர். பக்கத்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் வழிகாட்டினார். அமெரிக்கக் கண்டத்துக் கறுப்பின மக்களிடம் ஆப்பிரிக்கப் பண்பாடு அழியாமல் இருக்கிறது என்று வாதாடிய ஆள் அவர்.

உதவித்தொகைக்கான நேர்காணலில், என்ன ஆராயப் போகிறாய் என்று கேட்டார்களாம். டன்ஹாம் மேலே போட்டிருந்த கோட்டையும் பாவாடையையும் கழற்றிவிட்டு, உள்ளே போட்டிருந்த நடன உடையில் முதலில் பாலே ஆடிக் காட்டி, பிறகு ஆப்பிரிக்க ஆட்டம் ஆடிக் காட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். உதவித்தொகை கிடைத்தது என்னவோ உண்மை. ரோசன்வால்ட் நிதியின் பணத்தில் 1935இல் ஜமைக்கா, மார்த்தினிக், டிரினிடாட், ஹெயிட்டி என்று கரீபியன் தீவுகளுக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்ததும் மேடை. மார்த்தினிக்கின் ‘லாட்ஜா’ என்ற சண்டையாட்டத்தை வைத்து அவர் அமைத்த ‘லாக்யா’ 1938இல் சிகாகோவில் அரங்கேறியது. 1940இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கு, 1943இல் ஹாலிவுட் படம், பிறகு சொந்தக் குழுவோடு உலகம் முழுக்கச் சுற்றுப்பயணம். 1940களின் நடுவில் நியூயார்க் 43ஆவது தெருவில் ஒரு பள்ளி தொடங்கினார். ஹாலிவுட் நடிகர்கள் மார்லன் பிராண்டோ, ஜேம்ஸ் டீன் எல்லாம் அங்கே படித்தவர்கள். பாடகி எர்த்தா கிட் அவர் குழுவில் ஆடி வளர்ந்தவர். அந்தப் பள்ளியில் ஆட்டத்தோடு மானுடவியலும் மொழியும் தத்துவமும் பாடமாக இருந்தன. இந்தத் தகவலை வெறும் அலங்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; ஏன் என்று கீழே வரும்.

2006இல் காலமானார். வயது 96.

மானுடவியலுக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த முறையின் உயிர்நாடியே அதுதான்.

ஜமைக்காவில் அக்காம்பாங் என்று ஒரு மலைக்கிராமம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடி, ஆங்கிலேயரோடு சண்டை போட்டு, ஒப்பந்தம் வாங்கித் தனியாக வாழ்ந்த ‘மரூன்’ மக்களின் ஊர். அவர்களின் பழைய போர் நடனத்தைப் பார்க்கத்தான் டன்ஹாம் போனார். ஆனால் அவர்கள் காட்டவில்லை. அதெல்லாம் இப்போது யாரும் ஆடுவதில்லை என்றார்கள். காத்திருந்தார், அவர்களோடு வேலை செய்தார், சாப்பிட்டார். கிளம்பும் தறுவாயில்தான் பார்க்கக் கிடைத்தது, தானும் சேர்ந்து ஆடினார். ஹெயிட்டியில் இன்னும் ஒரு படி உள்ளே போய், 1936இல் வோடூ சமயத்தில் முதல்நிலைத் தீட்சை பெற்றார். ‘தலை கழுவுதல்’ என்று அதற்குப் பெயர்.

ஆக, அவர் கொண்டுவந்தது அசைவுகளை மட்டும் இல்லை. இந்த அசைவை யார், எந்தத் தெய்வத்துக்காக, எந்தக் கொட்டுக்கு, எதற்காக ஆடுகிறார்கள் என்ற விவரத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார். வடிவமும் பயனும் பிரிக்க முடியாதவை என்பது அவர் கோட்பாடு. தோளை ஆட்டினால் அந்தத் தோளாட்டம் அதன் ஊரில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நல்ல ஆசிரியர் வகுப்பு நடுவே நிறுத்தி அதைச் சொல்வார். மூச்சு வாங்கக் கிடைக்கிற இடைவேளை என்று நாங்கள் ஆரம்பத்தில் சந்தோஷப்பட்டோம். அப்புறம்தான் புரிந்தது, பாடமே அங்கேதான் நடக்கிறது என்று.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும்?

ஆசிரியருக்கு ஆசிரியர் வரிசை கொஞ்சம் மாறும். நான் போன வகுப்பு இப்படி.

முதலில் நின்றபடியே மூச்சு. கால்கள் இணையாக, கை மெல்ல எழ மூச்சு உள்ளே, இறங்க வெளியே. ஐந்து நிமிஷம். கொங்கா என்ற மேளம் வாசிப்பவர் ஓரமாக உட்கார்ந்து லேசாகத் தட்டிக்கொண்டிருப்பார்.

பிறகு பாலே வகுப்பில் இருப்பது போன்ற கைக்கம்பி. பாலேயில் கம்பியை ஒரு கையால் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். இங்கே பல பயிற்சிகளில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இடுப்பிலிருந்து முன்னே மடங்கி, முதுகை மேசைப் பலகை மாதிரித் தட்டையாக நீட்ட வேண்டும். அப்படியே நின்றுகொண்டு முழங்கால் மடக்கு, நிமிர்த்து, குதிகால் தூக்கு. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். எட்டாவது எண்ணிக்கையில் தொடை நடுங்கும். அந்தத் தட்டை முதுகை விட்டுவிட்டு, வாலெலும்பிலிருந்து ஒவ்வொரு முள்ளாக உருட்டி நிமிர வேண்டும். கடைசியில் தலை. அடுத்து கம்பியைப் பிடித்தபடி பின்னால் சாய்ந்து முழங்காலில் தொங்குவது. இந்தப் பகுதி மட்டும் நாற்பது நிமிஷம் போகும்.

அப்புறம் நடுத்தளம். இங்கே உடம்பைப் பிரித்துப் பிரித்து வேலை வாங்குவார்கள். தலை மட்டும், தோள் மட்டும், விலா மட்டும், இடுப்பு மட்டும். முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டு சேர்த்து, தோள் ஒரு தாளத்தில், இடுப்பு இன்னொரு தாளத்தில். ஒரே உடம்பில் நாலு வாத்தியம் வாசிக்கிற கதை. பின்னால் வந்த ஜாஸ் நடனத்தில் இந்தப் பிரித்தாட்டம் சாதாரணமாகிவிட்டது. அதில் டன்ஹாமின் பங்கு பெரியது.

கடைசியாக, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு வரிசை வரிசையாகப் போவது. மூன்று பேர், நாலு பேராக, மேளக்காரர்களை நோக்கி. இதுதான் வகுப்பின் உச்சம். நடை, குதி, சுழற்சி, ஹெயிட்டிய ஆட்டங்கள் எல்லாம் இங்கே வரும். மேளக்காரர் வேகத்தை ஏற்றுவார், நாம் ஏற வேண்டும். அவர் தாளத்தை உடைப்பார், நாமும் ஆட்டத்தை உடைக்க வேண்டும்.

முடிந்ததும் எல்லோரும் மேளக்காரர்கள் முன் போய் வணக்கம். சிலர் தரையைத் தொடுவார்கள். பரதத்தில் தட்டிக் கும்பிட்டுப் பழகிய எனக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

யான்வாலூ, யான்வாலூ என்கிறார்களே, அது என்ன?

ஹெயிட்டியின் வோடூ சடங்கில் ஆடப்படும் ஆட்டம். தம்பாலா என்ற பாம்புத் தெய்வத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. தம்பாலாவின் துணைவி அய்தா வெதோ, வானவில். டன்ஹாம் முறையில் யாருக்காவது ஒரே ஓர் ஆட்டம் தெரியும் என்றால் அது யான்வாலூவாகத்தான் இருக்கும்.

கால்கள் இணையாக. முழங்கால் நன்றாக மடங்கியிருக்கும். உடல் முன்னே சாய்ந்திருக்கும். இப்போது முதுகில் ஓர் அலை. இடுப்பின் அடியிலிருந்து கிளம்பி, கீழ்முதுகு, விலா, தோள்பட்டை, கழுத்து என்று ஏறி, தலை கடைசியாக அசைய, அதற்குள் அடியில் அடுத்த அலை கிளம்பியிருக்கும். நிற்கவே நிற்காது. பாதம் சின்னச் சின்னதாகத் தரையைத் தேய்த்தபடி நகரும். இன்னும் தாழ்ந்து, கையை முழங்காலுக்கு மேல் ஊன்றி ஆடினால் அதற்கு ‘தோபா’ என்று பெயர், தாழ்ந்த முதுகு என்று அர்த்தம். தாளம் நம் காதுக்குப் பழக்கமானதுதான். மூன்று மூன்றாகப் பிரியும் பன்னிரண்டு, ‘தகிட’ நாலு தரம். ஆனால் அதன்மேல் மணியும் மூன்று மேளங்களும் வேறு வேறு கணக்கில் ஓடும். ‘தகிட’வை மனசில் சொல்லிக்கொண்டு ஆடப் பார்த்தேன். ரெண்டே நிமிஷத்தில் தொலைந்துபோனேன்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, தோளிலிருந்து அலையைத் தொடங்குவது. அப்படிச் செய்தால் கோழி நடக்கிற மாதிரி இருக்கும். என்னை இரண்டு மாதம் ஆசிரியை கோழி என்றுதான் கூப்பிட்டார். அன்பாகத்தான்.

பரதம் தெரிந்தால் இது சுலபமா?

பாதி சுலபம், பாதி பெரும்பாடு.

சுலபமான பாதி: அரைமண்டியில் உட்கார்ந்து பழகிய தொடை, வெறுங்கால், தரையைத் தட்ட அஞ்சாத பாதம், தாளத்துக்குக் காது. இதெல்லாம் கையிருப்பு. முதல் நாளே தொடை நடுக்கத்தில் மற்றவர்களைவிடப் பத்து நிமிஷம் கூடத் தாங்கினேன்.

பெரும்பாடு: நடு உடம்பு. பரதத்தில் உடம்பை ஒரே தூணாக நிறுத்தச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கூன் போடாதே, நெஞ்சை நிமிர்த்து, இடுப்பை ஆட்டாதே. பதினோரு வருஷம் அதைத்தான் கேட்டு வளர்ந்தேன். இங்கே வந்தால் முதுகை அவிழ்த்து விடு என்கிறார்கள். எதை அவிழ்ப்பது? முடிச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஏழெட்டு மாதம் என் விலாவும் இடுப்பும் ஒரே பலகையாகத்தான் நகர்ந்தன.

இன்னொன்று. இடுப்பை அசைத்தால் அசிங்கம் என்று யாரும் நேராகச் சொல்லாவிட்டாலும் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணாடியில் என்னையே பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆசிரியை ஒருநாள், அந்த அசைவு ஹெயிட்டியில் ‘பந்தா’ என்ற ஆட்டத்தில் வரும், அது சாவின் தெய்வங்களான கெதே கூட்டத்துக்கு ஆடுவது, சாவையும் பிறப்பையும் ஒரே இடத்தில் வைத்துச் சிரிக்கிற ஆட்டம் என்றார். சாவு வீட்டில் ஆடுகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு அதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூச்சம் அன்றோடு பாதி போனது.

சடங்கு ஆட்டம் என்கிறீர்கள். வகுப்பில் யாருக்காவது சாமி வந்துவிடுமா?

நான் பார்த்தவரை இல்லை. சடங்கு வேறு, பயிற்சி வேறு என்பதில் ஆசிரியர்கள் தெளிவாக இருப்பார்கள். உடுக்கைச் சத்தம் கேட்டாலே சிலருக்கு உடம்பு நடுங்குவதை அம்மன் கோயிலில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் கேள்வி நியாயமானது. வகுப்பில் பூசை இல்லை, பூசாரி இல்லை, அழைப்பும் இல்லை. அசைவைக் கற்கிறோம். மேளம் உச்சத்துக்குப் போகும்போது தலை கிறுகிறுத்து, அழுகை வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியை தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்.

வோடூ என்றதும் பொம்மையில் ஊசி குத்துவதை நினைக்காதீர்கள். அது ஹாலிவுட் கிளப்பிவிட்ட கதை. ஹெயிட்டிய மக்களின் வாழும் சமயம் அது. 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804இல் விடுதலை நாடானபோது அவர்களோடு இருந்த சமயம்.

ஆப்பிரிக்க வம்சாவளி இல்லாத நாம் இதைக் கற்பது சரியா?

கற்கலாம். டன்ஹாமின் நியூயார்க் பள்ளியில் எல்லா இனத்தவரும் சேர்ந்து படித்தார்கள், அமெரிக்காவில் நிறவெறி சட்டமாகவே இருந்த நாட்களில். பண்பாடுகள் ஒன்றையொன்று அறிவது அவர் கோட்பாட்டின் ஒரு தூண்.

ஆனால் கற்பதற்கும் சுருட்டிக்கொண்டு போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நம் ஊரில் பறையைக் கையில் எடுக்கிற எல்லோரும், அதை அடித்ததற்காகத் தலைமுறை தலைமுறையாக அவமானப்பட்டவர்கள் யார் என்று சொல்கிறார்களா? சொல்லாமல் அடித்தால் எப்படி இருக்கும்? அதே கணக்குதான் இங்கும். ஊர் திரும்பிய பிறகு ஒரு பயிலரங்குக்குப் போனேன். பெயர் வேண்டாம். ‘ஆப்பிரிக்க நடனம்’ என்று போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு, ஒன்றரை மணி நேரம் இடுப்பாட்டம். நடுவில் யான்வாலூவும் வந்தது. ஹெயிட்டி என்ற சொல் வரவே இல்லை. ஆப்பிரிக்கா என்பது ஒரு நாடு இல்லை என்பதுகூட அங்கே யாருக்கும் பொருட்டாக இல்லை. கேட்டதற்கு, ‘மேடம், என்ஜாய் பண்ணுங்க’ என்றார் அந்தத் தம்பி.

கரீபியனில் தமிழர்களும் இருந்தார்களே, அவர்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு என்று எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் டன்ஹாம் போன அதே மார்த்தினிக் தீவுக்கு 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஆட்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அடிமைமுறை 1848இல் ஒழிந்த பிறகு தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. அவர்கள் கொண்டுபோன மாரியம்மனும் மதுரை வீரனும், வாயில் உருமாறிய பெயர்களோடு, அங்கே இன்றும் இருக்கிறார்கள். தப்பு மேளமும் இருக்கிறது. டிரினிடாட்டிலும் நம்மவர்களின் காளி வழிபாடு உண்டு. வகுப்பில் மார்த்தினிக் பெயர் வரும்போதெல்லாம் எனக்கு மட்டும் வேறொரு படம் ஓடும்.

பதிவு செய்த இசையை வைத்துக் கற்க முடியாதா?

கம்பிப் பயிற்சிகளை வேண்டுமானால் செய்யலாம். மற்றதற்கு ஆள் வேண்டும். பதிவு உங்களைப் பார்க்காது. நீங்கள் தளர்ந்தால் அது இறங்காது, நீங்கள் தப்பாக இறங்கினால் ஒரு ஓங்கிய தட்டில் சரிசெய்யாது. நட்டுவாங்கம் இல்லாமல் ஒலிநாடாவுக்கு ஆடியவர்களுக்கு இது தெரியும்.

1967இல் டன்ஹாம், இலினாய்ஸ் மாநிலத்தின் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்ற ஏழ்மையான ஊரில் ஒரு கலைப் பயிற்சி மையம் தொடங்கினார். தெருவில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பையன்களை மேளத்தின் முன் உட்கார வைக்கத்தான். அதற்காக செனகலிலிருந்து மோர் தியாம் என்ற மேளக் கலைஞரையே வரவழைத்தார். அவருடைய மகன்தான், ஷாருக் கான் படத்தில் பாடினாரே, அந்த ஏகான்.

மார்த்தா கிரஹாம், ஹார்ட்டன் முறைகளிலிருந்து எப்படி வேறு?

இரண்டும் வேறு அமெரிக்க நவீன நடன முறைகள். கிரஹாமில் எல்லாம் வயிற்றின் சுருக்கத்திலும் விடுப்பிலும், பெரும்பாலும் தரையில் உட்கார்ந்து தொடங்கும். ஹார்ட்டனில் நீண்ட கோடுகள், தட்டை முதுகு, பக்கவாட்டுச் சாய்வு. இரண்டிலும் உடம்பு ஒரே கூற்றைச் சொல்லும். டன்ஹாமில் உடம்பு பல குரலில் பேசும். தனித்துத் தெரிவது அதுதான். பள்ளி வயதில் லாஸ் ஏஞ்சலிஸில் டன்ஹாம் குழுவைப் பார்த்த, பின்னாளில் நடன அமைப்பாளரான ஆல்வின் ஏய்லி பிறகு ஹார்ட்டனிடம் கற்றார். 1987இல் தன் குழுவுக்காக டன்ஹாமின் பழைய ஆட்டங்களை மறுபடி மேடையேற்றவும் செய்தார்.

இதே வேரிலிருந்து கிளைத்த வேறு முறைகளும் உண்டு. கரியாமு வெல்ஷ் உருவாக்கிய உம்ஃபுண்டலாய், பிரேசிலின் சால்வடோரில் ரொசாஞ்செலா சில்வெஸ்ட்ரே உருவாக்கியது, செனகலில் ஜெர்மெய்ன் அக்கோக்னியின் முறை. எது பக்கத்தில் கிடைக்கிறதோ அதில் சேருங்கள். பெயரைத் தேடி அலைய வேண்டாம்.

ஆட்டத்தைத் தவிர ‘வாழ்க்கை முறை’ என்றும் சொல்கிறார்களே?

டன்ஹாம் மாணவர்களுக்கு மூன்று சொற்கள் கொடுத்தார். தன்னைத் தானே ஆராய்தல், பற்றில்லாமல் பார்த்தல், பகுத்தறிந்து தேர்தல். படித்ததும் நம் ஊர் வேதாந்த வகுப்பு மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன். வகுப்பில் அதன் அர்த்தம் ரொம்பச் சாதாரணமானது. கண்ணாடியில் பார், எங்கே தப்பு என்று பார், அதற்காக அழாதே, அடுத்த வரிசையில் வேறு மாதிரி செய்.

அவர் வாழ்ந்ததும் அப்படித்தான். 1950இல் சாவ் பாவ்லோவில் ஒரு விடுதி நிறத்தைக் காரணம் காட்டி அவருக்கு அறை மறுத்தது. அவர் பொதுவெளியில் சொல்ல, பெரும் சர்ச்சையாகி, அடுத்த வருஷமே பிரேசிலில் நிறப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் கறுப்பர்களைக் கும்பல் தூக்கிலிட்ட கொடுமையை வைத்து ‘சவுத்லேண்ட்’ என்று ஒரு படைப்பு செய்து 1951இல் சிலி நாட்டில் மேடையேற்றினார். சொந்த நாட்டுத் தூதரகத்துக்கு அது பிடிக்கவில்லை. 1992இல், ஹெயிட்டிய அகதிகளின் படகுகளை அமெரிக்கா திருப்பி அனுப்பியதைக் கண்டித்து 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அப்போது வயது 82.

எனக்கு நாற்பது வயசு, கொஞ்சம் குண்டு. சேரலாமா?

சேருங்கள். என் வகுப்பில் அறுபதைத் தாண்டியவர்கள் மூன்று பேர். யான்வாலூவில் அவர்கள்தான் எங்களைவிட அழகு.

முட்டி வலி இருந்தால்?

முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மடங்கிய முழங்காலில்தான் பெரும்பாலான ஆட்டம், பின்னால் சாய்ந்து தொங்குவது முட்டியில் நேராக விழும். இரண்டு பழக்கம் என்னைக் காப்பாற்றியது. முழங்கால் எப்போதும் காலின் இரண்டாவது விரலுக்கு நேர்மேலே இருக்க வேண்டும், உள்பக்கம் சரியக் கூடாது. அப்புறம், சிமெண்ட் தரையில் குதிக்கவே கூடாது. நம் ஊர் ஹால்களில் டைல்ஸ் போட்டிருப்பார்கள், அதுவும் அதே லட்சணம்தான். மரத்தளம் கிடைக்காவிட்டால் குதிக்கும் பகுதியை விட்டுவிட்டு மற்றதைச் செய்யுங்கள். டன்ஹாமுக்கே முழங்கால் தொந்தரவு உண்டு. கடைசிக் காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் சொல்லித் தந்தார்.

என்ன உடுத்துவது?

உடம்பு தெரிகிற பனியனும் லெகிங்ஸும். தொளதொள குர்தா வேண்டாம், முதுகு தெரியாவிட்டால் ஆசிரியர் எதைத் திருத்துவார்? கால் வெறுங்கால். மூலைக்கு மூலை போகும் பகுதிக்கு, லெகிங்ஸுக்கு மேலே ஒரு பாவாடை கட்டிக்கொள்வது சில வகுப்புகளில் வழக்கம்.

இந்தியாவில் எங்கே கற்பது? இணையத்தில் முடியுமா?

எனக்குத் தெரிந்து இங்கே தொடர் வகுப்பு இல்லை. அமெரிக்காவில் இதற்கென்றே ஆசிரியர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு இருக்கிறது. அந்தச் சான்றிதழ் பெற்றவர்கள் இணைய வழியில் எடுக்கும் வகுப்பு கிடைத்தால் கம்பிப் பயிற்சிவரை தாராளமாகக் கற்கலாம். யாரிடம் சேருவதானாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நீங்கள் யாரிடம் கற்றீர்கள்?’ டன்ஹாமிடமோ, அவரிடம் கற்ற ஒருவரிடமோ போய்ச் சேரும் பதிலாக இருந்தால் நல்லது. குருபரம்பரை கேட்பது நமக்கு ஒன்றும் புதுசு இல்லையே.

பணம் இல்லாமல் செய்யக்கூடியது, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் டன்ஹாம் தொகுப்பைப் பார்ப்பது. 1936இல் அவர் கரீபியனில் எடுத்த படச்சுருள்களும், பயிற்சிகளைச் செய்துகாட்டும் காணொளிகளும் அங்கே இருக்கின்றன. முதலில் அந்தப் பழைய சுருள்களைப் பாருங்கள். பயிற்சிக் காணொளி பிறகு.

எவ்வளவு நாளில் வரும்? வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது?

கம்பிப் பயிற்சி மூன்று மாதத்தில் பிடிபடும். முதுகு அலை எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

வீட்டில் என் கைக்கம்பி, சமையலறை மேடை. இட்லி வேகிற நேரம் பன்னிரண்டு நிமிஷம். மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, இரண்டடி பின்னால் தள்ளி நின்று, தட்டை முதுகு. எட்டு மடக்கு, எட்டு நிமிர்த்து. பிறகு வாலெலும்பிலிருந்து உருட்டி எழுவது, நாலு தரம். மிச்ச நேரத்தில் மேடையை விட்டுவிட்டு, கையைத் தொடையில் ஊன்றி, குக்கர் இருந்தால் அந்த ஆவிச் சத்தத்துக்கே யான்வாலூ. முதல் வாரம் அத்தை வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார், ‘முதுகு பிடிச்சுக்கிச்சாம்மா? தைலம் எடுத்துட்டு வரட்டுமா?’